வங்கியின் பசுமைக் கணக்கும் வன்னி மண்ணும்

கதையும் கவிதையுமே விமரிசனத்துக்குரியவை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆயினும் மக்களின் வாழ்வைத் தொடுகின்ற எழுத்து எதுவாயினும் அதனை ஆராய்ந்து எடைபோடும் கடமை நமக்குண்டு. இலங்கையின் பெரிய வங்கிகள் வெளியிடும் ஆண்டறிக்கைகளில் இடம்பெறும் சுற்றாடல் அத்தியாயங்களையும் அத்தகைய எழுத்தாகவே நாம் கொள்கிறோம். வழவழப்பான தாளும் பசுமையான படங்களும் கொண்ட அவ்வத்தியாயங்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாது விடுகின்றன என்பதை வன்னி மண்ணில் நின்று படித்துப் பார்ப்போம்.

முதலில் நிறைகளைக் கூறுவதே நியாயம். 2001இல் வெளியான சர்வதேசப் பச்சைவீட்டு வாயுக் கணக்கீட்டு நெறிமுறை, ஒரு நிறுவனத்தின் வாயு வெளியேற்றத்தை மூன்று வட்டங்களாக வகுத்தது. நிறுவனத்தின் சொந்த வாகனங்களும் மின்பிறப்பாக்கிகளும் எரிக்கும் எரிபொருள் முதலாவது வட்டம். அது விலைகொடுத்து வாங்கும் மின்சாரம் இரண்டாவது வட்டம். அதன் தொழிலின் தொடர்ச்சியாகப் பிறரிடத்தில் நிகழும் வெளியேற்றம் மூன்றாவது வட்டம். கிளிநொச்சியில் ஒரு வங்கிக் கிளையின் குளிரூட்டி ஓடுவதற்கும் 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிவதற்கும் உள்ள உறவை இக்கணக்கு புலப்படுத்துகிறது. கூரைகளில் சூரியத் தகடுகள் பொருத்துவதும் தாளின் பயன்பாட்டைக் குறைப்பதும் உண்மையான பயன் தருபவையே. கொமர்ஷல் வங்கி தன்னை இலங்கையின் முதலாவது முழுமையான காபன் நடுநிலை வங்கி என்று கூறிக்கொள்கிறது. இம்முயற்சிகளை எள்ளி நகையாடுவோர் பக்கத்தில் நாம் இல்லை.

ஆனால் வங்கியின் தொழில் விளக்கெரிப்பதா? கடன் கொடுப்பதன்றோ! நிதி நிறுவனங்களைப் பற்றி சீ.டீ.பி. என்னும் சர்வதேச அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கை, கணக்கு வெளியிட்ட நிறுவனங்களில் அவை நிதியளித்த தொழில்களின் வெளியேற்றம் அவற்றின் நேரடி வெளியேற்றத்தைப் போல் சராசரியாக 700 மடங்குக்கும் மேற்பட்டது எனக் காட்டியது. அப்படியாயின், ‘நடுநிலை’ என்னும் சொல் எந்த வட்டத்தைக் குறிக்கிறது என்று கேட்பதே வாசகனின் முதற்கடமை. முற்றத்தை மட்டும் கூட்டிவிட்டு ஊரைத் துப்புரவாக்கியதாகச் சொல்வது பொருந்தாது.

வன்னியைப் பாருங்கள். கடன் பத்திரம் அச்சிட்ட தாளுக்குக் கணக்குண்டு. அக்கடனில் வாங்கிய டிப்பர் ஆற்றுப்படுகையில் அள்ளிய மணலுக்குக் கணக்கெங்கே? வாயுவை அளக்கும் தொன் கணக்கு, படுகை தாழ்ந்ததையும் கிணறு வற்றியதையும் அளக்காது. மரநடுகையும் இவ்வாறே. நட்ட நாளில் கன்றுகள் எண்ணப்படுகின்றன. பாலையும் முதிரையும் வளர்ந்து காடாக ஒரு தலைமுறை போதாது. ஐந்து மாரியும் ஐந்து கோடையும் கடந்து எத்தனை கன்றுகள் உயிரோடு நிற்கின்றன என்பதன்றோ மெய்யான எண்ணிக்கை!

இவ்வெழுத்தின் நோக்குநிலையிலும் ஒரு குறை உண்டு. வறட்சியும் வெள்ளமும் அங்கே வங்கிக்கு நேரக்கூடிய ‘இடர்’களாகவே தோன்றுகின்றன. இலங்கையில் 2025 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வரும் காலநிலை பற்றிய கணக்கியல் நியமங்களும் முதலீட்டாளனின் தேவையையே முதன்மையாகக் கொண்டவை. ஆனால் 2018இன் முற்பகுதி வரை நீடித்த வறட்சியின் சுமையைத் தாங்கியவர் யார்? வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு நுண்கடன்களை அவ்வாண்டிலேயே அரசு தள்ளுபடி செய்ய நேர்ந்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பட்டியலில் இருந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. வயல்களும் வீடுகளும் வெள்ளத்தில் மூழ்கின. வானத்தைக் கெடுத்ததில் மிகச் சிறிய பங்குடைய உழவர் குடும்பம் நட்டத்தில் மிகப் பெரிய பங்கைச் சுமந்தது. அந்த நட்டம் வங்கியின் ஏட்டில் அறவிடமுடியாக் கடனாகச் சுருங்கிவிடுகிறது.

ஆகவே கடனையே நிறுத்துக என்று நாம் கூறவில்லை. நீரிறைக்கும் இயந்திரத்துக்காகக் கடன் கேட்டு வரும் விவசாயியைச் சுற்றாடலின் பெயரால் திருப்பியனுப்புவது இன்னோர் அநீதியாகும். எந்தத் தொழிலுக்கு, எந்த மாவட்டத்தில், எவ்வளவு கடன் வழங்கப்பட்டது, அதனால் மண்ணுக்கும் நீருக்கும் நேர்ந்தது என்ன என்பதைத் தொகுத்து மக்கள் முன் வைக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை. மத்திய வங்கி 2022இல் பசுமை நிதிக்கான வகைப்பாட்டை வெளியிட்டது. பசுமைக் கடனைப் பிரித்தறிய முடியுமாயின் ஏனைய கடனையும் பிரித்தறிய முடியும். பெரிய கடன்களுக்குச் சுற்றாடல் நிபந்தனையும், சூரிய சக்தியால் நீரிறைப்போருக்கு இலகு கடனும், வறட்சிக் காலத்தில் தவணைக்கு ஒத்திவைப்பும் வேண்டும்.

கணிதமும் பொருளியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவ்வறிக்கைகளை வகுப்பறைக்குக் கொண்டு செல்லட்டும். மாணவர் தம் ஊர்க் குளத்தையும் ஆற்றையும் கிணற்றையும் அளந்து, அந்த அளவுகளை அறிக்கையின் எண்களுக்கு அருகில் எழுதட்டும். அளக்கும் கோல் ஒரு சாராரின் கையில் மட்டும் இருக்கும்வரை கணக்கு அவர்களுக்கே சாதகமாக முடியும். மண்ணில் வாழ்வோரும் அக்கோலைக் கையிலெடுக்கும் காலம் வந்துவிட்டது.