நிழலும் வாலும்

ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் வந்துவிடும் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். அவ்வெண்ணம் பிழையென்பதை, ஒருவரை விடாது பின்தொடர்தலைக் குறிக்கும் தொடர்கள் சிலவற்றால் காண்போம்.

‘டான்டனிப் பன்றிபோல் தொடர்தல்’ என்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. ‘செயிண்ட் அந்தோனி’ என்பதன் மரூஉவே ‘டான்டனி’. லண்டனில் அப்புனிதர் பெயரால் மருத்துவ இல்லம் ஒன்று இருந்தது. விற்கத் தகாதவை எனச் சந்தையில் கழிக்கப்பட்ட பன்றிகளுக்கு அவ்வில்லத்தார் கழுத்தில் மணி கட்டித் தெருவில் விடுவர். அவற்றை எவரும் துன்புறுத்தார். உணவிட்டவரை அறிந்துகொண்டு அவை முனகியவாறே பின்செல்லும். ஜான் ஸ்டோ என்பார் 1598-இல் வெளியிட்ட லண்டன் நகர நூலில் இச்செய்தி உள்ளது. எனவே இத்தொடரில் பகையில்லை. எதையேனும் பெறும்வரை விடாத நச்சரிப்பே உண்டு.

நாயைக் குறிக்கும் ‘டாக்’ என்பது வினையாகும்போது பொருள் கடுமையாகிறது. மோப்பம் பிடித்து விரட்டும் வேட்டைநாயின் விடாப்பிடி அதில் தோன்றும். பகைவனுக்கும் அது பொருந்தும். விட்டு நீங்காத தீயூழுக்கும் பொருந்தும்.

இனி நிழலும் வாலும். ‘ஷாடோ’, ‘டெயில்’ என்னும் இவ்விரண்டும் வினையாகி ஒருவரைத் தொடர்தலைக் குறிக்கும்போது, பெரும்பாலும் அவர் அறியாமல் வேவு பார்த்தலையே உணர்த்தும். நமக்கோ ‘நிழல்போல் தொடர்ந்தான்’ என்றால் பிரியாத துணை. ‘வால்பிடித்தான்’ என்றால் முகத்துதி. உருவம் ஒன்றே, உள்ளம் வேறு.

என் மாணவன் ஒருவன், காவலர் ஒரு திருடனை மூன்று நாள் ‘ஷாடோ’ செய்தனர் என்னும் வாக்கியத்தை, ‘காவலர் நிழல்போல் உடனிருந்தனர்’ என்று பெயர்த்தான். திருடனுக்குக் காவலரே மெய்க்காப்பாளர் ஆயினர்! வகுப்பு நகைத்தது, நான் நகைக்கவில்லை. அவன் அகராதியைப் பார்த்துத்தான் எழுதினான். சொல்லைக் கற்பித்து அதன் பிறப்பையும் வழக்கையும் கற்பிக்காத குறை என்னுடையது. இதே பிழை வழக்குமன்றச் செய்தியில் நேர்ந்தால், கண்காணிக்கப்பட்டவன் காக்கப்பட்டவனாகத் தோன்றுவான் அன்றோ?

இருமொழியும் ஒன்றுபடும் இடமும் உண்டு. பெரியோரின் அடிச்சுவட்டைப் பின்பற்றுதல் ஆங்கிலத்திலும் தமிழிலும் மதிப்புக்குரிய செயலே. அங்கே நேர்ப்பெயர்ப்பு தகும்.

ஆகவே ஆசிரிய நண்பர்கள் இத்தகைய தொடர்களைக் கற்பிக்குங்கால் மூன்று வினாக்களை எழுப்புதல் நலம். தொடர்பவன் எதற்காகத் தொடர்கிறான்? தொடரப்படுபவன் அதை அறிவானா? அறிந்தால் விரும்புவானா? விடை தெரிந்தபின் தமிழ்ச்சொல் தானே வந்து நிற்கும்.