கண் மட்டும் செய்பவர்

சைபர்பங்க் என்றதும் பெரும்பாலோர் கண்முன் வருவது ஒரே காட்சிதான்: விடாத மழை, நியான் விளக்கு, வானத்தை மறைக்கும் விளம்பரப் பலகை. 1982இல் ரிட்லி ஸ்காட் 'பிளேட் ரன்னர்' படத்தில் காட்டியது அது. இந்த உலகத்தை மேஜையில் வைத்து ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுக்காரர்களின் ருசி வேறு இடத்தில் இருக்கிறது. மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் வெளியிட்ட 'சைபர்பங்க்', 1990இல் வந்த அதன் திருத்திய பதிப்பான 'சைபர்பங்க் 2020', இவற்றுக்கு நடுவே 1989இல் வந்த 'ஷேடோரன்' ஆகிய மூன்றும் இதற்கு அடித்தளம் போட்டவை. நாலைந்து பேர் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் நடுவராக இருந்து ஊரையும் எதிரிகளையும் நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பகடை விழுவதைப் பொறுத்துக் கதை திரும்பும். அந்த ஆட்டம் தரும் உணர்வு எந்தப் படத்தில், எந்த நாவலில் முழுசாகக் கிடைக்கிறது என்று பார்க்க நியானை அளப்பதில் பயனில்லை. அந்தக் கதையில் யார் யாருக்கு வேலை செய்கிறார்கள், கூலி என்ன, அந்தக் கூலிக்கு உடம்பிலிருந்து என்ன கழிகிறது என்று பார்க்க வேண்டும். பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டரில், மாநில எல்லையில், பகலும் இரவும் ஷிப்ட் ஓடும் ஓசூரிலிருந்து பார்த்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும் என்பது என் வாதம்.

முதலில் ஆட்டத்தின் கணக்கு. 'சைபர்பங்க் 2020'இல் ஒரு பாத்திரத்தை உருவாக்கும்போதே அவனுடைய கடந்த காலத்தைப் பகடைதான் முடிவு செய்கிறது: குடும்பம் எப்படிச் சிதைந்தது, எந்த ஆண்டில் யார் பகையாளியானார், காதல் எப்படி முறிந்தது எல்லாம். பிறப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன விளையாட்டு எனக்குத் தெரிந்து குறைவு. அதன்பின் இயந்திரக் கை, செயற்கைக் கண், நரம்போடு இணையும் பிளக் என்று எதையும் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றும் மனிதத்தன்மைக்கான புள்ளியில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். அதோடு சேர்ந்து குறையும் பிறர்வலியை உணரும் திறன் பூஜ்ஜியத்தைத் தொட்டால் பாத்திரம் ஆடுபவர் கையைவிட்டு நடுவரிடம் போய்விடும். வேலை கிடைக்க வேண்டுமானால் கருவி வேண்டும். கருவி வாங்கினால் ஆள் குறைவான். ஆள் குறைந்தாலும் அடுத்த மாத வாடகை நிற்காது. இந்த வட்டத்துக்குள் சுற்றுவதுதான் ஆட்டத்தின் உயிர். துப்பாக்கிச் சண்டை அதற்கு மேல் தெளித்த காரம்.

இந்த அளவுகோலில் வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' (1984) முதல் வரிசையில் நிற்கிறது. பல வாசகர்கள் அதில் மயங்குவது கணினி வலைக்குள் பாயும் வர்ணனைகளுக்காக. எனக்கு அதன் இடத்தேர்வுதான் பெரிதாகத் தெரிகிறது. நாவல் டோக்கியோவில் தொடங்கவில்லை. அதை ஒட்டிய துறைமுக ஊரான சீபாவில், கள்ள அறுவைசிகிச்சைக் கூடங்களும் தரகர்களும் மண்டிய 'நைட் சிட்டி' என்ற ஓரத்துப் பகுதியில் தொடங்குகிறது. பெருநகரத்துக்கு வேண்டியதும், அது தன் வாசலில் வைத்துக்கொள்ள விரும்பாததும் அங்கேதான் ஒதுங்குகின்றன. பாண்ட்ஸ்மித்தின் ஆட்டம் நடக்கும் கற்பனை நகரத்துக்கும் அதே பெயர்தான். நாயகன் கேஸ் தன் முதலாளிகளிடமே திருடியவன். தண்டனையாக அவர்கள் அவன் நரம்புகளை நச்சால் கெடுத்துவிடுகிறார்கள். அவனைக் குணப்படுத்தி வேலைக்கு எடுக்கும் ஆர்மிட்டேஜ், அதே நச்சு நிரம்பிய, மெல்லக் கரையும் பைகளை அவன் ரத்தக் குழாய்களில் வைத்துவிடுகிறான். வேலையைக் குறித்த காலத்தில் முடித்தால் எடுத்துவிடுவார்கள், இல்லையென்றால் பழைய நிலைக்கே திரும்பவேண்டியதுதான். ஒப்பந்தத்தின் கெடு தொழிலாளியின் உடம்புக்குள்ளேயே ஓடுகிறது. காண்ட்ராக்ட் வேலையைப் பற்றி அறிவியல் புனைவு எழுதிய மிகக் கூர்மையான பக்கங்கள் இவை.

'பிளேட் ரன்னர்' இந்தப் பரீட்சையில் தேறுமா? நாயகன் டெக்கார்டின் பக்கம் நின்று பார்த்தால் தேறாது. அவன் போலீஸ்காரன், அவனுக்கு மேலே ஒரு துறை இருக்கிறது, அவனுக்கு இல்லாதது நேரத்தின் நெருக்கடி. ஆனால் அந்தப் படத்துக்குள்ளேயே ஒரு முழு ரோல்பிளேயிங் ஆட்டம் ஒளிந்திருக்கிறது; அதை ஆடுகிறவர்கள் ராய் பேட்டியும் பிரிஸும் லியானும் ஜோராவும். நான்கே ஆண்டு ஆயுளோடு உற்பத்தி செய்யப்பட்ட இந்தச் செயற்கை மனிதர்கள், ஆயுளை நீட்டித்துத் தரக் கேட்க டைரல் கம்பெனியின் கோபுரத்துக்குள் நுழைய வேண்டும். வாசல் வழியாகப் போக முடியாது. ஆகவே சப்ளை செய்பவர்கள் வழியாக ஏறுகிறார்கள். முதலில் குளிர்ந்த கூடத்தில் தனியாக உட்கார்ந்து கண்களை மட்டும் தயாரிக்கும் கிழவர் ஹன்னிபல் சூ. அவர் மூலம் மரபணு வடிவமைப்பாளர் செபாஸ்டியன். செபாஸ்டியன் முதலாளியோடு ஆடும் சதுரங்கத்தைச் சாக்காக வைத்து லிஃப்ட். கடைசியில் டைரலின் படுக்கையறை. தான் செய்த கண் போய் உட்காரும் முகத்துக்கு ஆயுள் எவ்வளவு என்பது சூவுக்குத் தெரியாது. ஓசூர் சிட்கோ பேட்டையில் லேத்தும் மில்லிங் மெஷினும் வைத்து ஜாப் ஒர்க் எடுக்கும் பட்டறைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கிழவர் அந்நியரல்ல. டிராயிங் வரும், டாலரன்ஸ் வரும், டெலிவரி தேதி வரும். முழு இயந்திரம் வராது. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் 1980களில் இங்கே வேரூன்றியபோது அவற்றைச் சுற்றி வளர்ந்த தொழில் முறை இது. படத்தின் மிக உண்மையான காட்சி எது என்று கேட்டால், பறக்கும் காரை விட்டுவிட்டு அந்தக் குளிர்ந்த கூடத்தைத்தான் காட்டுவேன்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பாண்ட்ஸ்மித்தே தன் விதிநூலில் உள்ளடக்கத்தைவிடப் பாணிதான் பெரிது என்று ஆடுபவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். தோலாடையும் கண்ணாடிக் கண்ணும் மிடுக்கும் இல்லாமல் இது எப்படி சைபர்பங்க் ஆகும், வெறும் தொழிலாளர் கதையாக அல்லவா சுருங்கிவிடும் என்று கேட்கலாம். பாணி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. அது எதற்காக வேண்டும் என்பதில்தான் வேறுபாடு. வங்கியில் பணமில்லாதவன், வேலைக்கு உத்தரவாதமில்லாதவன் தன்னிடம் மிச்சமிருக்கும் ஒரே சொத்தாக நடையையும் உடையையும் வைத்துக்கொள்கிறான். 'நியூரோமான்சர்' நாவலில் கேஸோடு வேலை செய்யும் கூலிப்படைக்காரி மாலியின் கண்ணாடிக் கண்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அந்த அழகுக்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்று நாவல் பிற்பாதியில் சொல்லும்போதுதான் அவை நம்மைக் குத்துகின்றன. விலையைச் சொல்லாமல் மிடுக்கை மட்டும் எடுத்துக்கொண்ட படங்கள் விளம்பரமாக முடிந்துபோனதற்கு இதுவே காரணம்.

பாண்ட்ஸ்மித்தின் ஆட்டத்துக்கு நேரடியாக ஊட்டமளித்த இன்னொரு நாவல் வால்டர் ஜான் வில்லியம்ஸின் 'ஹார்ட்வயர்டு' (1986). சிதறிப்போன அமெரிக்காவின் எல்லைக் கோடுகளைத் தாண்டிச் சரக்குக் கடத்துகிறவன் கதை அது. உண்மையான அதிகாரம் சுற்றுப்பாதையில் மிதக்கும் கம்பெனிகளிடம் இருக்கிறது. எல்லை என்பது சிலரை வடிகட்டும் இயந்திரம் என்பதை அது நன்றாக உணர்ந்திருக்கிறது. ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே உள்ள எல்லைக் கோட்டை ஓசூர்க்காரர்கள் பெரும்பாலான நாட்களில் கவனிப்பதுகூட இல்லை. 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் வண்டிகள் நின்றபோது மூட்டையும் குழந்தையுமாக மக்கள் அதை நடந்து கடந்தார்கள். 2020இல் கைப்பேசியில் இ-பாஸ் இல்லாதவருக்கு அதே கோடு சுவராயிற்று. ஒரு பக்கம் வீடும் மறுபக்கம் வேலையுமாக இருப்பவருக்கு அந்த அனுமதிக் குறியீடு என்னவாக இருந்திருக்கும் என்பதை எந்த விதிநூலும் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, நமக்கு மிக அருகிலிருந்து வந்த நாவல் லாவண்யா லட்சுமிநாராயணின் 'அனலாக்/விர்ச்சுவல்' (2020). ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இது 2023இல் 'தி டென் பர்சென்ட் தீஃப்' என்ற பெயரில் வெளிநாட்டிலும் வந்து, 2024இல் ஆர்தர் சி. கிளார்க் விருதின் இறுதிப் பட்டியலை எட்டியது. ஆசிரியர் வீடியோ கேம் வடிவமைப்பாளரும்கூட; அது நாவலின் எலும்பிலேயே தெரிகிறது. பெங்களூர் இப்போது 'ஏபெக்ஸ் சிட்டி'. பெல் கார்ப் என்ற நிறுவனம் அதை ஆள்கிறது. மேல் 20 சதவீதத்தார் சுகவாசிகள், நடு 70 சதவீதத்தார் ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள், கடைசி 10 சதவீதத்துக்குச் சரிந்தால் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத அனலாக் பக்கத்துக்குத் துரத்தப்படுவார்கள். இரண்டு பக்கத்தையும் பிரிக்கும் தடுப்புக்குப் பெயர் 'கர்நாடிக் மெரிடியன்'. இந்த 20-70-10 கற்பனையாகப் பிறந்ததல்ல. ஜாக் வெல்ச் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் ஊழியர்களைத் தரம்பிரித்த கணக்கு அது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் பஸ் பிடித்துப் போகும் எந்த ஐடி ஊழியருக்கும் பெல் கர்வ் என்ற இந்தத் தரப்பிரிப்பு ஆண்டுக்கொரு முறை வயிற்றைக் கலக்கும் சமாசாரம்.

இந்த நாவலுக்கு ஒரே நாயகன் இல்லை. திருடி நாயகா வருகிறாள், போகிறாள். ஒவ்வொரு அத்தியாயமும் வேறொருவர் தோளில் ஏறிக்கொள்கிறது. நாவல் நிலைகொள்ளாமல் சிதறுகிறது என்று இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுதான் அதன் சாதனை. ஒரு நாவலை ஒரே ஆசிரியர் எழுதுகிறார், முடிவு முன்பே தீர்மானமாகிவிட்டது. பகடை உருளும் ஆட்டத்தின் உணர்வை அது எப்படித் தர முடியும் என்ற அடிப்படை ஐயத்துக்கு லாவண்யா கண்டுபிடித்த பதில் இந்த வடிவம். மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் முறைவைத்துப் பேசுவதைப்போல அத்தியாயங்கள் கைமாறுகின்றன. யார் சறுக்குவார், யார் தப்புவார் என்பதை ஊகிக்க முடிவதில்லை. ஊரின் முழு வரைபடம் எந்த ஒரு பாத்திரத்திடமும் இல்லை. வாசகர்தான் துண்டுகளை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்தத் தேடலைத் தொடங்கினால் சுஜாதாவைத் தவிர்க்க முடியாது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு அவர் எழுதிய 'என் இனிய இயந்திரா' 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. காணாமல்போன கணவனைத் தேடும் நிலா, கூடவே ரவியும் மனோவும், எல்லாரையும்விடப் புத்திசாலியான இயந்திர நாய் ஜீனோ: ஆளுக்கொரு திறமையோடு கோட்டைக்குள் நுழையும் குழு அப்படியே இருக்கிறது. எல்லாரும் அஞ்சும் சர்வாதிகாரி ஜீவா வெறும் ஹோலோகிராம் பிம்பம் என்ற திருப்பம் இன்றும் கூர் மழுங்காதது. ஆனால் அங்கே அதிகாரம் அரசாங்கத்திடம் இருக்கிறது. கம்பெனி கண்ணிலேயே படுவதில்லை. அது சுஜாதாவின் குறையல்ல. லைசென்ஸும் கோட்டாவும் வாழ்க்கையைத் தீர்மானித்த 1991க்கு முந்தைய இந்தியாவில் ஒருவர் பயந்து எழுதக்கூடிய கோபுரம் அதுதான். 2018இல் பி.எஸ். மித்ரனின் 'இரும்புத்திரை' இன்னொரு துண்டைக் கொண்டுவந்தது. தங்கை கல்யாணத்துக்காக ஏஜென்ட் மூலம், பொய் ஆவணம் கொடுத்து வாங்கிய கடன் ஒரு நொடியில் கணக்கிலிருந்து மறைகிறது. ஆவணம் பொய் என்பதால் புகாரும் கொடுக்க முடியாது. ஆட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த பொறி இது. முதல் பாதி முழுக்க அந்த உணர்வு பிசகாமல் நிற்கிறது. பிற்பாதியில் நாயகன் தனியாளாக வில்லனை வீழ்த்தக் கிளம்பியதும் குழு கலைந்துவிடுகிறது, விலைக் கணக்கும் நின்றுவிடுகிறது. நட்சத்திரம் தோற்கக்கூடாது என்ற நம் சினிமாவின் கட்டாயம் இந்த வகைக் கதைக்கு நேர் எதிரி.

கடைசியாக ஒரு மறுப்பு, எல்லாவற்றிலும் கனமானது. உண்மையான ஷிப்ட்டும் ஹாஸ்டலும் இரவுப் பேருந்துமாக வாழ்கிறவர்களின் உழைப்பை ஒரு விளையாட்டின் ருசியோடு சேர்த்துப் பேசுவது அவர்களை அலங்காரப் பொருளாக்குவது ஆகாதா? ஆகும், அவர்கள் கதையின் பின்னணியாக மட்டும் நின்றால். இதுவரை நடந்திருப்பதும் அதுவே. நான் மேலே மெச்சிய எல்லாப் படைப்பிலும் திருடர் உண்டு, ஹேக்கர் உண்டு, கூலிப்படை உண்டு. கருவிகளைச் செய்கிறவருக்குச் சூ கிழவருக்குக் கிடைத்த சில நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. திம்ஜேப்பள்ளியில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் வெளிக்கூட்டைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021இல் அறிவித்தார்கள். உலகம் கையில் வைத்திருக்கும் எதிர்காலத்தின் உறையை வார்ப்பவர்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறார்கள், அந்த எதிர்காலத்தைப் பற்றிய புனைவில் இல்லை. அந்த நாவலைத் தமிழில் எழுதுகிறவருக்குத் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கலந்த ஓசூர்ப் பேச்சும், லைனில் நிற்கும் வடமாநிலத்தவரின் இந்தியும் காதில் விழ வேண்டும். பாகலூர்ப் பக்கத்து பாலிஹவுஸ் ரோஜாவிலிருந்து பெங்களூர் வரை எந்தச் சரக்கு எந்த நேரத்தில் போகிறது என்று தெரிய வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லாதவர்கள் ஆட்டக்காரர்கள்தான். விதிநூலில் ஏற்கெனவே இருக்கும் தரகர் பாத்திரத்தை லேபர் காண்ட்ராக்டராகவும், இயந்திர நிபுணரான டெக்கியை ஜாப் ஒர்க் பட்டறைக்காரராகவும் வைத்து, பொதுத் தேர்வு முடிந்த கையோடு தர்மபுரியிலிருந்து ஆலைக்கு வந்த பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியைக் குழுவின் நடுவில் நிறுத்தினால் போதும்; முதல் பகடையை இந்த ஞாயிற்றுக்கிழமையே உருட்டலாம்.