கவலையும் விசாரிப்பும்: பேதுரு நிருபத்தின் ஒரு வசனமும் அதன் இரு தமிழ் வடிவங்களும்

முன்னுரை

கவலையை இறைவனிடம் ஒப்படைத்து அமைதி பெறுதல் என்பது கிறித்தவ அருளுரைகளில் அடிக்கடி எடுத்தாளப்படும் கருத்தாகும். அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறும் பகுதிகளுள் ஒன்று, பேதுருவின் முதலாம் நிருபம், ஐந்தாம் அதிகாரம், ஏழாம் வசனம். மலேசியத் தமிழரிடையே இவ்வசனம் இரு வடிவங்களில் வழங்குகின்றது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துத் தமிழ் லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் போன்ற சீர்திருத்தத் திருச்சபைகளில், ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பே பெரிதும் பயில்கின்றது. 1928இல் எழுந்த கிள்ளான் லூர்து மாதா ஆலயம் போன்ற கத்தோலிக்க ஆலயங்களைச் சார்ந்தோர், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்தை அறிவர். இவ்விரு வடிவங்களின் சொல்லாட்சி வேறுபாடு, நம்பிக்கையின் பொருளை எங்ஙனம் வேறுபடுத்துகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

வைத்தலும் விடுதலும்

கிரேக்க மூலத்தில் இவ்விடத்து அமைந்த வினை, ஒன்றன்மேல் எறிதலைக் குறிப்பது. லூக்கா நற்செய்தியில் சீடர்கள் தம் ஆடைகளைக் கழுதைக்குட்டியின்மேல் போடும் இடத்திலும் இவ்வினையே வந்துள்ளது. ஐக்கிய மொழிபெயர்ப்போ எறிதலை நீக்கி, 'வைத்துவிடுங்கள்' என்கின்றது. வைத்தல் என்னும் வினை, பொருளை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் உளர் என்னும் குறிப்பைத் தருகின்றது. 'விடு' என்னும் துணைவினை, செயல் முற்றுப்பெற்றதையும் கைவிட்டதையும் ஒருங்கே உணர்த்துகின்றது. வைத்ததைத் திரும்ப எடுத்தல் ஆகாது என்னும் குறிப்பு இத்துணைவினையால் கிடைக்கின்றது.

இச்சிந்தனை தமிழ் மரபுக்குப் புதியதன்று. திருக்குறளின் ஏழாம் குறள், ஒப்பற்றவன் தாளைச் சேர்ந்தார்க்கன்றிப் பிறர்க்கு மனக்கவலையை மாற்றுதல் அரிது என்கின்றது. வைணவ மரபில் வேதாந்த தேசிகர் விரித்துரைத்த பரந்யாசம், தன்னைக் காக்கும் பொறுப்பாகிய பாரத்தை இறைவனிடம் ஒப்படைத்தலாகும். குறளில் மனிதன் இறைவனை நோக்கிச் செல்கின்றான். பரந்யாசத்திலும் நிருபத்திலும் பொறுப்பு கைமாறுகின்றது. இவ்வேறுபாடு கருதத்தக்கது.

விசாரிப்பவர்

கவலையை ஏன் வைத்துவிட வேண்டும் என்பதற்கு நிருபம் கூறும் காரணத்திலேதான் இரு மொழிபெயர்ப்புகளும் பிரிகின்றன. மூலத்தில் மனிதரின் கவலைக்கு 'மெரிம்னா' என்னும் சொல்லும், இறைவனின் அக்கறைக்கு 'மெலெய்' என்னும் வேறொரு சொல்லும் உள்ளன. ஐக்கிய மொழிபெயர்ப்பு இவ்வேறுபாட்டைப் பேணி, இறைவனை விசாரிக்கிறவர் என்கின்றது. பொது மொழிபெயர்ப்போ இறைவனும் நம்மேல் கவலை கொண்டிருப்பதாகக் கூறுகின்றது.

பிந்தியது இன்றைய வாசகர்க்கு எளிதில் விளங்கும். இறைவனின் பரிவை நெருக்கமாகவும் காட்டும். விசாரித்தல் என்பது இன்று காவல் நிலையத்தையோ நீதிமன்றத்தையோ நினைவூட்டக்கூடும் என்னும் தடையும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் பழைய சொல்லாட்சியின் வன்மை வேறு. 'விசாரம்' என்பது கவலையைக் குறிக்கும். 'விசாரித்தல்' என்பது கேட்டறிந்து பேணுதலைக் குறிக்கும். கத்தோலிக்க வழக்கில் பங்குத் தந்தையை 'விசாரணைக் குரு' என்றழைத்ததும் இப்பொருளிலேயாம். கவலை ஓர் உணர்வு. விசாரிப்பு ஒரு செயல். எனவே பழைய வடிவத்தில், மனிதன் கவலையை விடுவது இறைவன் அவனுக்காக வருந்துவதால் அன்று. அவனைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருப்பதால் ஆகும்.

கண்காணியும் கங்காணியும்

பொறுப்பேற்பவர் எத்தகையவர் என்னும் வினா மலேசியச் சூழலில் கூர்மை பெறுகின்றது. இதே நிருபத்தின் இரண்டாம் அதிகார இறுதியில், ஐக்கிய மொழிபெயர்ப்பு கிறிஸ்துவை ஆத்துமாக்களின் மேய்ப்பர் என்பதோடு 'கண்காணி' என்றும் குறிக்கின்றது. மலாயாத் தோட்டத் தமிழரிடையே இச்சொல் 'கங்காணி' என வழங்கியது. சொந்த ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்தவரும், முன்பணத்தால் அவர்களைக் கடனில் பிணைத்தவரும், வேலைக்களத்தில் மேற்பார்த்தவரும் அவரே. தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை இம்முறை நீடித்தது. கங்காணியை அறிந்த செவிக்கு, 'கண்காணியை நம்பு' என்னும் அழைப்பு எளிதில் ஏற்கத்தக்கதாய் இருந்திருக்காது.

இந்நிருபம் பல நாடுகளில் சிதறி வாழ்ந்த அந்நியர்க்கு எழுதப்பட்டது என்பதை அதன் தொடக்கமே கூறுகின்றது. ஐக்கிய மொழிபெயர்ப்பு அவர்களைப் 'பரதேசிகள்' என்கின்றது. புலம்பெயர்ந்தோர்க்கு எழுதிய நிருபத்தைப் புலம்பெயர்ந்தோரே வாசிக்கும்போது, 'விசாரிக்கிறவர்' என்னும் சொல் 'கண்காணி' என்னும் சொல்லுக்கு விளக்கமாகின்றது. முன்னவர் தொழிலாளியை எண்ணிக் கணக்கெடுத்தார். இவரோ நலம் கேட்டுப் பேணுகின்றார். சொல்லின் கசப்பை நீக்குவது இந்த வேறுபாடேயாம்.

முடிவுரை

கவலையை விடுதல் செயலற்றிருத்தலாகிவிடும் என்பார் கருத்துக்கு நிருபமே மறுப்புரைக்கின்றது. அடுத்த வசனம் தெளிந்த அறிவோடு விழித்திருக்குமாறு ஏவுகின்றது. கவலையை ஒப்படைத்தவர் உறங்கலாம் என அது கூறவில்லை. ஆகவே, இவ்வசனத்தை ஏழாம் எண்ணோடு நிறுத்தி ஆறுதலுரையாக மட்டும் எடுத்தாள்வது பொருந்தாது. மொழிபெயர்ப்பைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இரு வடிவங்களையும் அருகருகே வைத்து விளக்குதல் நன்று. புதிய வடிவம் இறைவனின் பரிவை உணர்த்தும். பழைய வடிவம் அப்பரிவு செயலாக வேண்டும் என்பதை உணர்த்தும். பொருள் எளிமைக்காகப் பின்னதை முற்றிலும் கைவிடின், நம்பிக்கை வெறும் மன ஆறுதலாகச் சுருங்கிவிடும்.