எல்சிடி சிலேட்டு வாங்கலாமா?

ஸ்டேஷனரி கடை வாசலில் தொங்குகிறது, பிறந்தநாள் விழாவில் ரிட்டர்ன் கிஃப்டாக வருகிறது. எல்சிடி ரைட்டிங் பேட் இல்லாத வீடு குறைவு. ஒரே நிறத்தில் எழுதுவது ஒன்று, வானவில் நிறங்களில் எழுதுவது ஒன்று என எட்டரை அங்குலப் பலகைகள் இரண்டை வாங்கி, நாலு வயது மகளிடமும் ஏழு வயது அண்ணன் மகனிடமும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டுமே முந்நூறு ரூபாய்க்குள் கிடைத்தவை.

"இதுவும் ஸ்க்ரீன்தானே?" என்று பல பெற்றோர் தயங்குகிறார்கள். தயக்கம் தேவையில்லை. இதில் பின்னொளி கிடையாது. இருட்டில் எழுதினால் எதுவுமே தெரியாது. கறுப்புப் பின்புறத்தின் மேல் மெல்லிய திரவப் படிகப் படலம் ஒன்று இருக்கிறது. அதன் மூலக்கூறுகள் திருகு வடிவில் அடுக்கப்பட்டவை. குச்சியால் அழுத்திய இடத்தில் அந்த அடுக்கு ஒழுங்காகி, ஒளியின் ஒரு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதுதான் நாம் பார்க்கும் பச்சைக் கோடு. பொத்தானை அமுக்கினால் ஒரு நொடி மின்சாரம் பாய்ந்து அடுக்கு கலைகிறது, கறுப்பு திரும்புகிறது. மின்சாரம் தேவைப்படுவது அழிப்பதற்கு மட்டும்தான். பேட்டரியைக் கழற்றிவிட்டு எழுதிப் பார்த்தேன், எப்போதும்போல எழுதியது, அழிக்கத்தான் முடியவில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து கென்ட் டிஸ்ப்ளேஸ் நிறுவனம் 2010-ல் பூகி போர்டு என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்த பலகையின் வாரிசுகள்தான் இன்று நம் கடைகளில் தொங்குபவை.

எழுத அழுத்தம் போதும் என்பதால், குச்சி தொலைந்தாலும் கவலையில்லை. (தொலையும். முதல் நாளே நூலால் கட்டிவிடுங்கள்.) பாட்டில் மூடி வட்டம் போடுகிறது, சீப்பு ஒரே இழுப்பில் பத்துக் கோடு போடுகிறது, பொம்மைக் காரை அழுத்தி ஓட்டினால் டயர்த் தடம் விழுகிறது. மகள் குச்சியை மறந்து சமையலறைச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தடம் பார்க்க ஆரம்பித்தாள். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ஏபிசிடியைவிட இது எவ்வளவோ மேல். கத்தி, ஆணி மாதிரிக் கூரானவை மட்டும் வேண்டாம். கீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் விளையாட்டு இன்னும் நீளும். ஒருவர் ஒரு கோணல் கோடு போட, அடுத்தவர் அதை ஏதாவது ஒரு உருவமாக முடிக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு யானை வரையலாம். புள்ளி வைத்துக் கட்டம் பிடிக்கலாம். மூன்று புள்ளிக் கோலத்தில் ஆரம்பித்து ஐந்துக்குப் போகலாம். வாசலில் கோலமாவைக் கொட்டி அப்பிக்கொள்ளும் வயதுக்கு இது நல்ல பயிற்சிக் களம்.

இனி குறைகள். வானவில் பலகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிறம் கையில் இல்லை, பலகையில் இடத்துக்கு இடம் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. சிவப்புச் சூரியன் வேண்டுமென்றால் சூரியனைச் சிவப்பு இருக்கும் ஓரத்துக்குத்தான் நகர்த்த வேண்டும். எந்த நிறம் எங்கே போகும் என்று தீர்மானிப்பது பிள்ளையின் வேலை. அதைப் பலகை பறித்துக்கொள்கிறது. ஒற்றை நிறப் பலகை அந்த ஆசையையே காட்டுவதில்லை, கோடும் பளிச்சென்று தெரிகிறது.

பெரிய குறை அந்தப் பொத்தான். யானையின் வால் மட்டும் பிசகினாலும் முழு யானையும் போக வேண்டியதுதான். பழைய சிலேட்டில் எச்சில் தொட்டு வாலை மட்டும் அழிக்கலாம் (பல்பத்தையும் தின்னலாம், அது வேறு கதை). பொத்தானை அமுக்குவதே விளையாட்டாகிவிட்டால், பிள்ளைகள் ரெண்டு கிறுக்கல், ஒரு அமுக்கல் என்றே போய்க்கொண்டிருப்பார்கள். முதுகுப்புறத்தில் பூட்டு உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள். படம் முடியும்வரை பூட்டியே வைக்கலாம்.

படத்தைச் சேமிக்க வழியில்லையே என்பவர்களுக்கு நான் கண்டுபிடித்த உபாயம்: பலகைமேல் மெல்லிய காகிதம் வைத்து, பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி வரையச் சொல்லுங்கள். காகிதத்தில் மையிலும் பலகையில் பச்சையிலுமாக இரண்டு படம் கிடைக்கும். அண்ணன் மகன் இதைக் காட்டியே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மந்திரவாதியாகிவிட்டான்.

ஆஸ்பத்திரி வரிசைக்கும் ரயில் பயணத்துக்கும் இதற்கு இணையில்லை: மை கொட்டாது, தூள் பறக்காது, சத்தம் கிடையாது. ஆனால் வீட்டில் க்ரேயானையும் காகிதத்தையும் ஓரங்கட்ட இதற்கு யோக்கியதை போதாது. மெழுகு தேய்வது, நிறத்தின்மேல் நிறம் ஏறுவது எல்லாம் இதில் கிடையாது.

வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி மூடி திருகாணி போட்டு இறுக்கியதாக இருக்க வேண்டும்; நகத்தால் நெம்பித் திறக்க முடிகிற பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது காசு அளவு லித்தியம் பேட்டரி. அதை விழுங்கிய பிள்ளையின் உணவுக்குழாயில் அது சிக்கினால், எச்சில் ஈரத்தில் மின்சாரம் பாய்ந்து காரம் உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பலகையில் அழிக்காத பேட்டரியிலும் இந்த ஆபத்துக்கு வேண்டிய மின்சாரம் மிச்சமிருக்கும். அதனால் மாற்றிய கையோடு பழையதன் இரு பக்கமும் செல்லோடேப் ஒட்டி, எட்டாத உயரத்தில் வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.