முட்டை எடுக்கப் போவோம்: 'மான்ஸ்டர் ஹன்ட்டர் ஸ்டோரீஸ் 2' டெமோ எப்படி?

மிருகங்களைப் பிடித்துச் சேர்க்கும் வீடியோ கேம் என்றதும் எல்லோருக்கும் போக்கிமான்தான் நினைவுக்கு வரும். 1996இல் அது போட்ட பாதை எளிமையானது: எதிர்ப்படும் மிருகத்தை அடித்துச் சோர வை, பந்தை எறி, பிடித்துக்கொள். அதன்பின் இந்த வகையில் வந்த ஆட்டங்களில் பெரும்பாலானவை அதே பாதையில்தான் நடக்கின்றன. கேப்காம் நிறுவனத்தின் 'மான்ஸ்டர் ஹன்ட்டர் ஸ்டோரீஸ் 2: விங்ஸ் ஆஃப் ரூயின்' வேறு வழியில் போகிறது. இதில் நாம் சண்டை போட்ட மிருகம் நம்மோடு வராது. அதன் குகைக்குள் புகுந்து, கூட்டில் கைவிட்டு, முட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டும். பொரிந்து வருவதுதான் நம் துணை.

2021 ஜூன் 25 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச்சுக்கு இதன் இலவச டெமோ வெளியானது. முழு ஆட்டம் அதே ஆண்டு ஜூலை 9 அன்று ஸ்விட்ச்சுக்கும் விண்டோஸ் கணினிக்கும் வந்தது. டெமோவை மட்டும் விளையாடி முடித்த சூட்டோடு எழுதியது இது.

மான்ஸ்டர் ஹன்ட்டர் தொடரை இதுவரை தொட்டிராதவர்களுக்குச் சுருக்கமாக: 2004இல் பிளேஸ்டேஷன் 2இல் தொடங்கிய தொடர் அது. மலை போன்ற மிருகத்தைத் துரத்தி வீழ்த்தி, அதன் தோலையும் எலும்பையும் அறுத்தெடுத்து, அதிலேயே ஆயுதமும் கவசமும் அடித்துக்கொண்டு அடுத்ததைத் தேடிப் போவார்கள். 2021 மார்ச் 26 அன்று வந்த 'ரைஸ்' வரைக்கும் அதுதான் கதை, அதுதான் ருசி. 2016இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த முதல் 'ஸ்டோரீஸ்' அதே உலகத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. அங்கே வேட்டைக்காரர்களோடு ரைடர்கள் என்றொரு கூட்டமும் உண்டு. மிருகங்களைக் குட்டியிலிருந்து பழக்கி, அவற்றின் முதுகில் ஏறிப் போகிறவர்கள். அப்படிப் பழகிய மிருகத்துக்கு மான்ஸ்டி என்று பெயர். கைவேகம் கேட்கும் ஆக்ஷன் ஆட்டம் முறைவைத்துச் சண்டையிடும் ரோல்பிளேயிங் ஆட்டமாக மாறியதும் அங்கேதான்.

இரண்டாம் பாகத்தின் தொடக்கம் ஹகோலோ என்ற தீவு. கடற்கரை ஓரமாக மஹானா கிராமம். ரெட் என்ற பேர்போன ரைடரின் பேரப்பிள்ளை நாம். பேரனா பேத்தியா என்பதும் முகமும் முடியும் நம் விருப்பம். ரெட்டோடு இருந்த கார்டியன் ராத்தா என்ற, ராத்தலோஸ் இனத்து மிருகம்தான் அந்தத் தீவின் காவல். அது போய்விடுகிறது, மற்ற ராத்தலோஸ்களும் காணாமல் போகின்றன. ஏனா என்ற வைவேரியன் இனப் பெண்ணிடம் ஒரு ராத்தலோஸ் முட்டை மட்டும் மிஞ்சியிருக்கிறது. டெமோவில் கதை தலையை நீட்டிவிட்டு நின்றுவிடுகிறது. அதுவரை பார்த்த காட்சிகள் கார்ட்டூன் படத்துக்குரிய தெளிவோடும் நல்ல குரல்களோடும் இருக்கின்றன. நாயகன் மட்டும் வாயே திறப்பதில்லை. அவனுக்கும் சேர்த்து நவிரூ என்ற பூனை போன்ற பிராணி பேசித் தீர்க்கிறது. அது சொல்லும் நகைச்சுவைக்குச் சிறுவர்கள் சிரிக்கலாம். எனக்குச் சீக்கிரமே அலுத்தது.

சண்டைக்கு வருவோம். இந்த டெமோவில் என்னைக் கட்டிப்போட்டது அதுதான்.

தாக்குதல் மூன்று வகை: பவர், ஸ்பீடு, டெக்னிக்கல். பவர் டெக்னிக்கலை அடக்கும், டெக்னிக்கல் ஸ்பீடை அடக்கும், ஸ்பீடு பவரை அடக்கும். பிள்ளைகள் விளையாடும் ஸ்டோன்-பேப்பர்-சிசர்ஸ்தான் என்று தோன்றும். ஆனால் அந்த விளையாட்டில் எதிராளி எதைக் காட்டுவான் என்பது அதிர்ஷ்டம். இங்கே அது அறிவு. ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. புல்ட்ரோம் என்ற பன்றி தலையைக் குனிந்து நேராக மோதுவதை மட்டுமே நம்பும், அது பவர். ஆகவே ஸ்பீடு தாக்குதலால் அதை முந்த வேண்டும். வெலோசிட்ரோம் மெலிந்த உடலோடு பாய்ந்து கீறுகிற ஜாதி, அது ஸ்பீடு. அதை டெக்னிக்கலால் மடக்க வேண்டும். பெரிய மிருகங்களுக்குக் கோபம் வந்தால் வழக்கம் மாறிவிடும். உடல் அசைவில் அந்த மாற்றம் தெரியும். அதைக் கவனிக்காமல் முன்பு பலித்த பொத்தானையே அழுத்துகிறவருக்கு அடி நிச்சயம்.

நம் மான்ஸ்டி தன் இயல்புப்படித் தானே தாக்கும். நாமும் அதுவும் ஒரே எதிரியை, அதன் தாக்குதலை அடக்கும் ஒரே வகைத் தாக்குதலால் அடித்தால் இரட்டைத் தாக்குதல். எதிரியின் அடி நம் மேல் விழவே விழாது. ஆகவே எதிரியைப் படிப்பதோடு வேலை முடியவில்லை. கூட இருக்கும் துணையின் குணத்தையும் படித்து வைத்திருக்க வேண்டும். வெலோசிட்ரோம் பக்கத்தில் நின்றுகொண்டு அது டெக்னிக்கலாக அடிக்கும் என்று காத்திருப்பதில் பயனில்லை. பையில் இருக்கும் வேறு மான்ஸ்டியைச் சண்டைக்கு நடுவில் அழைத்துக்கொள்ளலாம். துணைக்குக் குறிப்பிட்ட திறமையைப் பயன்படுத்தச் சொல்லி ஆணையிடவும் வழியுண்டு. அதற்குக் கின்ஷிப் என்ற பிணைப்பு அளவிலிருந்து செலவாகும். அதே அளவு நிரம்பும்வரை பொறுத்திருந்தால் மான்ஸ்டியின் முதுகில் ஏறலாம். ஏறியதும் இருவர் காயமும் ஆறும். பிறகு திரை முழுதும் தீப்பறக்கும் ஒரு பெருந்தாக்கு. இப்போது செலவழிப்பதா, சேர்த்துவைத்து ஏறுவதா என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றிலும் எழுகிறது. நல்ல முறைவைத்த சண்டைக்கு இந்தக் கேள்விதான் உயிர்.

ஆயுதங்கள் ஆறு. பெருவாளும் வாள்-கேடயமும் வெட்டும். சுத்தியலும் வேட்டைக் கொம்பும் நொறுக்கும். வில்லும் கன்லான்ஸும் குத்தும். மூன்றை எடுத்துச் செல்லலாம். சண்டைக்கு நடுவில் மாற்றிக்கொண்டால் நம் முறை வீணாவதில்லை. தடித்த ஓட்டின் மேல் வாள் பட்டால் காய எண் சிறிதாகத் தெறிக்கும். சுத்தியலுக்கு மாறிய அடுத்த அடியில் அது சட்டென்று பெருக்கும். பெரிய மிருகங்களிடம் தலை, கால், இறக்கை என்று உறுப்பு பார்த்து அடிக்கலாம். உடைந்த உறுப்புக்குப் பரிசு கூடும். நீண்ட கால வேட்டைத் தொடரின் நுட்பத்தை அவசரமே இல்லாத ஒரு சண்டைமுறைக்குள் இவ்வளவு சிதறாமல் கொண்டுவந்திருப்பது பெரிய காரியம். 'ரைஸ்' விளையாடக் கைவேகம் போதவில்லை என்று விட்டவர்கள் இதைத் தைரியமாகத் தொடலாம்.

மூன்று இதயங்கள் தரப்படுகின்றன. நாமோ மான்ஸ்டியோ விழுந்தால் ஒன்று போகும். மூன்றும் போனால் தோல்வி. சிறு மிருகங்களோடு திரும்பத் திரும்ப மோத வேண்டியிருப்பதால் சண்டையின் வேகத்தைக் கூட்டும் வசதி வைத்திருக்கிறார்கள். நேரம் குறைந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

இனி முட்டை. வெளியில் சுற்றும்போது பாறையில் வாய்பிளந்த குகைகள் தென்படும். பொன்னிறம் காட்டுகிற குகை அரிதானது. அதை விடக் கூடாது. உள்ளே போனால் கிளைவழிகள், மூலிகைகள், சில மிருகங்கள், கடைசி அறையில் கூடு. சில வேளை தாய் பக்கத்திலேயே தூங்கிக்கொண்டிருக்கும். சில வேளை தாய் கூட்டில் இருக்காது, நாம் கிளறிக்கொண்டிருக்கும்போது அது திரும்பி வரும். ஒரு முட்டையை எடுக்கிறோம். மேலே உள்ள கோலமும் நிறமும் அது எந்த மிருகத்தினுடையது என்பதைச் சொல்லும். உள்ளே இருப்பது எவ்வளவு உயர்ந்தது என்பதைச் சொல்ல நவிரூ. முட்டையின் கனத்தையும் வாடையையும் பற்றி அது ஏதாவது சொல்லும். கனமாகவும் நாற்றமாகவும் இருந்தால் நல்ல ஜீன்கள் இருக்க வாய்ப்பு அதிகம். திருப்தியில்லை என்றால் வைத்துவிட்டு இன்னொன்றைத் துழாவலாம். ஆனால் எத்தனை தரம் துழாவலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதிகம் ஆசைப்பட்டால் தாயோடு மோத வேண்டிவரும். போதும் என்று வைப்பதா, இன்னொரு முறை பார்ப்பதா என்று கை தயங்கும் அந்தச் சில நொடிகள் டெமோவிலேயே மிகச் சிறந்த நொடிகள். அவ்வளவு பேசும் நவிரூ எனக்குப் பிடித்துப்போனதும் இந்த ஓர் இடத்தில்தான்.

வெளியே வந்து கிராமத்துத் தொழுவத்தில் பொரிக்க வைத்தால் ஓடு விரிசல் விட்டு, குட்டி தலையை நீட்டும். உடனே அதன் ஜீன்கள் மூன்றுக்கு மூன்று கட்டங்களாக விரிகின்றன. ஒரே நிறமோ வகையோ ஒரு வரிசையில் சேர்ந்தால் பலம் கூடும். ஒரே இன முட்டையை மறுபடி மறுபடி தேடிப் போக வைப்பது இந்தக் கட்டங்கள்தான். சேர்க்கும் ஆசைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெலோசிட்ரோம் பள்ளத்தைத் தாண்டிக் குதிக்கும். வேறொன்று பாறையை உடைக்கும், இன்னொன்று நீந்தும், மற்றொன்று கொடிகளைப் பற்றி ஏறும். எட்ட முடியாத மேட்டில் ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு, அங்கே போக எந்த மிருகம் வேண்டும் என்று யோசிக்கும்போது, சேர்த்தவை வெறும் பட்டியலாக நின்றுவிடுவதில்லை.

இரண்டு குறைகள் உறுத்தின. பிறந்த குட்டி குட்டியாக இருக்க நேரமே இல்லை. பொரிந்த கையோடு ஏறிப் போகும் உடலோடு வந்து நிற்கிறது. வளர்ப்பின் இன்பத்தைச் சொல்லும் ஆட்டம், வளரும் காலத்தைத் தாண்டிக் குதித்துவிட்டது. இரண்டாவது குறை குகைகள். அதே வளைவு, அதே அறை, அதே சுவர். ஒரு குகைக்குப் பின் இன்னொன்று என்று போகும்போது முன்பு வந்த இடத்துக்கே திரும்ப வந்ததாகத் தோன்றுகிறது. இவ்வளவு நல்ல முட்டை வேட்டைக்கு இதைவிட நல்ல குகை கொடுத்திருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்றுண்டு. இந்த ஆட்டத்தில் ஒரு மிருகத்தை முட்டையிலிருந்து வளர்த்து, பெயர் வைத்து, முதுகில் ஏறிப் போகிறோம். அதே இனத்தின் இன்னொரு மிருகம் வழியில் வந்தால், வளர்த்ததையே ஏவி அதை வீழ்த்துகிறோம். அதன் தோலில் கவசம் தைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி நம் மான்ஸ்டியின் முதுகில் ஏறுகிறோம். தாயிடமிருந்து முட்டையை எடுத்ததைப் பற்றியும் டெமோவில் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வேட்டையில் பிறந்த தொடர் அன்பைப் பேச வரும்போது இந்த முரண் வந்தே தீரும். அதை மறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மனிதர்களும் வளர்ப்பதையும் அறுப்பதையும் ஒரே தொழுவத்தில்தான் செய்கிறார்கள். வேட்டைக்காரர்களும் ரைடர்களும் ஒரே தீவில் எதிரெதிராக நிற்கும் தொடக்கக் காட்சிகளைப் பார்த்தால், இந்தக் கேள்வியை நேராகச் சந்திக்கக்கூடிய கதை இவர்கள் கையில் இருக்கிறது. சந்திக்கிறார்களா என்பதைத்தான் முழு ஆட்டத்தில் முதலில் தேடுவேன்.

தொழில்நுட்பப் பக்கம். அழுத்தமான நிறங்களும் ஓவியக் கோடுகளும் ஸ்விட்ச்சின் சிறிய திரையில் கண்ணுக்கு இதமாக இருக்கின்றன. மிருகங்களின் அசைவில் காட்டியிருக்கும் உழைப்பு தனியாகப் பாராட்டத் தக்கது. ஆனால் திறந்த வெளியில் மான்ஸ்டி மேல் ஏறி விரைந்து ஓடினால் காட்சி திக்குகிறது. கதைக் காட்சிகளிலும் இடையிடையே அதே தடுமாற்றம். முறைவைத்த சண்டை என்பதால் இது தோல்விக்குக் காரணமாகாது. இருந்தாலும் கண்ணுக்குத் தெரிகிறது. இதில் நுணுக்கம் பார்ப்பவர்கள், கணினி இருந்தால் அதில் வாங்குவதே மேல். குரலை ஜப்பானியத்துக்கு மாற்றிக்கொண்டு எழுத்தை ஆங்கிலத்தில் படிக்கலாம், தமிழ் கிடையாது. விளக்கங்களெல்லாம் எழுத்தில்தான் வருகின்றன. ஆகவே சிறு பிள்ளைகளுக்குக் கொடுத்தால் முதல் சில சண்டைகளுக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

போக்கிமான் தரும் எண்ணிக்கைச் சுகத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது மெதுவாகத் தோன்றலாம். எதிரியின் அசைவைக் கவனித்து, யோசித்து, ஜெயிப்பதில் மகிழ்கிறவர்களுக்கு 2021இல் நான் விளையாடிய டெமோக்களில் இதைத்தான் முதலில் சொல்வேன். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் முதலில் டெமோவை இறக்கிப் பாருங்கள். டெமோவில் சேமித்ததை ஸ்விட்ச்சின் முழு ஆட்டத்தில் அப்படியே தொடரலாம். ஆகவே முகத்தைப் பொறுமையாக வடிவமையுங்கள், கனமான முட்டையாகப் பார்த்து எடுங்கள்.