மெனு அட்டையில் இல்லாத கிராமம்

கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவுக்குப் போய்வந்தவர்களிடம் பெரும்பாலும் ஒரே ஃபோட்டோதான் இருக்கும்: கண்ணாடிச் சன்னலுக்கு வெளியே கடல், மேசைமேல் பொரித்த கணவாய். என்னிடமும் இருக்கிறது. கேனரி ரோ தெருவில் கடலைப் பார்த்த உணவகம். கணவாய் அருமை, சும்மா சொல்லக்கூடாது. என் பிரச்சினை மெனு அட்டையின் பின்பக்கத்தோடு. அங்கே நான்கு பத்தியில் விரிகுடாவின் வரலாறு: மத்தி மீன், அதை டப்பாவில் அடைத்த ஆலைகள், ஸ்டைன்பெக், மீன் தீர்ந்துபோனது, 1984இல் அக்வேரியம். அவ்வளவுதான்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஸ்டைன்பெக்கின் 'கேனரி ரோ' 1945இல் வந்தது. ஓஷன் வியூ அவென்யூ என்றிருந்த தெருவுக்கு 1958இல் நாவலின் பெயரையே வைத்தார்கள். அதற்குள் மத்தி தீர்ந்திருந்தது. ஆனால் என் தட்டில் இருந்தது மத்தி இல்லையே? கணவாயின் கதை எங்கே?

அதைத் தொடங்கியவர்கள் சீன மீனவர்கள். 1850களிலேயே பக்கத்தில் பாயின்ட் அலோன்ஸில் குடும்பத்தோடு குடியேறியவர்கள். பகலில் மற்ற மீனவர்களோடு தகராறு வந்ததும் இரவுக்கு மாறினார்கள். படகோரம் தீ எரித்து, வெளிச்சத்துக்கு மேலே வரும் கணவாயை வலையில் அள்ளினார்கள். காயவைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாற்றம் பசிபிக் குரோவ் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. கருவாட்டு வாசனைக்காக வீடு மறுக்கப்பட்டவர்களைத் தெரிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரக் கம்பெனியும் காலி பண்ணச் சொல்லிக்கொண்டிருந்தது. 1906 மே 16 அன்று கிராமத்தின் பெரும்பகுதி எரிந்தது. தீ வைத்தது யார் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் திரும்பக் கட்ட விடாமல் வேலி போட்டார்கள். சிலர் மெக்அபீ கடற்கரைக்கு நகர்ந்தார்கள். அது இன்றைய கேனரி ரோவிலேயே இருக்கிறது. என் மேசையிலிருந்து நடக்கிற தூரம்.

ஸ்டைன்பெக் நாவலில் ஒரு சீனக் கிழவர் வருகிறார். அந்தியில் கடற்கரைக்கு இறங்கி மறைகிறார், விடியலில் ஈரக்கூடையோடு திரும்புகிறார். ஸ்டைன்பெக் அவருக்குப் பெயர் தரவில்லை, சரி. ஆனால் பார்த்தார். உணவகம் நாவலின் புகழை எடுத்துக்கொண்டு கிழவரை விட்டுவிட்டது.

இது மறதி என்று நான் நினைக்கவில்லை. மீன் தீர்ந்ததும் சோகக் கதைதான். அதைத் தயங்காமல் அச்சடிக்கிறார்கள். ஏனென்றால் அதில் குற்றவாளி 'பேராசை', 'இயற்கை' என்று பொதுவாக முடிந்துவிடும். கிராமம் இல்லாமல்போன கதையில் பக்கத்து ஊர்க்காரர் வருவார். அவருடைய பேரனும் இங்கே சாப்பிட வரலாம். வரலாறு சொல்கிறபோது எந்தச் சோகம் பசியைக் கெடுக்காது என்று பார்த்துச் சொல்கிறோம். நம் ஊர் உணவகச் சுவர்களில் தொங்கும் பழைய ஃபோட்டோக்களையும் இனி இந்தச் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

பசிபிக் குரோவ் நகரசபை 2022இல் சீனச் சமூகத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டது. ஒரு நகரசபையால் முடிந்தது, மெனு அட்டையால் முடியாதா?

இந்தக் கடலில் இன்றும் இரவில் விளக்குப் போட்டுத்தான் கணவாய் பிடிக்கிறார்கள். கலிஃபோர்னியக் கணவாயில் பெரும்பகுதி சீனாவுக்குப் போகிறது. ஒரு பங்கு அங்கே சுத்தம் செய்யப்பட்டுத் திரும்பி வருகிறது. என் தட்டில் இருந்தது எந்த வழியாக வந்தது என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "லோக்கல்தான் சார்" என்கிற தொனியில் சிரித்தார்.