வளைகோடும் பிறனும்

நாடு செல்வம் பெறத் தொடங்குகையில் சுற்றுச்சூழல் கெடும். செல்வம் மிகுந்தபின் சீர்ப்படும் என்னும் கருத்து முப்பதாண்டுகளுக்கு மேலாகப் பொருளியல் ஆய்வுகளில் செல்வாக்குடன் விளங்குகிறது. வருமான ஏற்றத்தாழ்வு குறித்துச் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் வெளியிட்ட கருத்தினை அடியொற்றி, இதனைச் 'சுற்றுச்சூழல் குஸ்நெட்ஸ் வளைகோடு' என்பர். ஆற்றல் நுகர்வு, நகரமயமாதல், கரியமில வாயு வெளியீடு ஆகியவற்றை இணைத்து ஆராயும் கட்டுரைகள் பலவும் இக்கோட்டையே உரைகல்லாகக் கொள்கின்றன. இதனை இறையியல் நோக்கில் நாம் மதிப்பிடுதல் தகும்.

இக்கருத்துக்கு வித்திட்ட ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் ஆகியோரைக் குறைகூற நாம் முற்படவில்லை. 1995இல் வெளிவந்த அவர்தம் கட்டுரை நகரக் காற்றின் மாசினையும் ஆற்றுநீரின் மாசினையும் ஆராய்ந்தது. தலா வருமானம் 8,000 டாலரை எட்டுமுன்னரே பெரும்பாலான மாசுகள் குறையத் தொடங்குவதாகக் கண்டது. ஆயினும் இக்குறைவு தானாக நிகழ்வதன்று என்று அவர்களே எச்சரித்தனர். கரியமில வாயு அவர்தம் ஆய்வில் இடம்பெறவுமில்லை. பின்வந்தோர் பலர் எச்சரிக்கையை விடுத்து, வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

இலண்டன் மாநகரைக் காண்போம். 1952 டிசம்பரில் நச்சுப்புகை சில நாள்களில் ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. புகையை எழுப்பியவரும் சுவாசித்தவரும் அந்நகரத்தாரே. துன்புற்றோருக்கு வாக்குரிமையும் இருந்தது. கரியமில வாயுவின் நிலை வேறு. அதனால் இடருறுவோர் தொலைதூரத்துக் கடற்கரையினரும் இன்னும் பிறவாதோருமாவர். ஹோல்ட்ஸ்-ஈக்கின், செல்டன் ஆகியோர் 1995இல் இவ்வாயுவை ஆராய்ந்தபோது, அதன் திருப்பம் 35,000 டாலருக்கும் அப்பாலே தென்பட்டது.

பிரிட்டனில் இவ்வெளியீடு 1990க்குப் பின் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துள்ளது உண்மையே. ஆனால் அங்கும் 2008ஆம் ஆண்டின் காலநிலைச் சட்டம் தேவைப்பட்டது. நிலக்கரியால் இயங்கிய கடைசி மின்நிலையம் 2024இல்தான் மூடப்பட்டது. அன்றியும், அந்நாடு இறக்குமதி செய்யும் பண்டங்களுக்காகப் பிறநாட்டில் எழும் புகை அக்கணக்கில் சேர்வதில்லை.

நகரமயமாதல் ஆய்வுகளிலும் இதே குறை தோன்றுகிறது. அமெரிக்க நகரங்களில் நெருங்கி வாழ்வோர் புறநகரத்தாரினும் குறைவான கரியமில வாயுவுக்கே காரணமாகின்றனர் என்று கிளேசர், கான் ஆகியோர் 2010இல் காட்டினர். பயனுள்ள உண்மைதான். ஆயினும் அவர்கள் கணக்கிட்டவை வீட்டு எரிபொருளும் மின்சாரமும் பயணமுமே. நகரை எழுப்பிய சிமெண்டும் இரும்பும் வேறெங்கோ எழுப்பிய புகை அதில் இல்லை.

லூக்கா நற்செய்தியின் சமாரியன் உவமையில் குற்றுயிராய்க் கிடந்தவன் வழியோரத்தில் இருந்தான். ஆசாரியனும் லேவியனும் அவனைக் கண்டே விலகிச் சென்றனர். நம் காலத்தில் பிறன் நம் வழியில் கிடப்பதில்லை. கணக்கேடுகளிலும் அவன் இடம்பெறுவதில்லை. வளர்ச்சியே அவனை மீட்கும் எனக் காத்திருப்பது விசுவாசமன்று. எக்கணக்கை வாசிப்பினும், இதில் விடுபட்டவர் யாவர் என வினவுவதும், அவர்பொருட்டுச் சட்டம் இயற்றுமாறு ஆட்சியாளரை வலியுறுத்துவதும் திருச்சபையின் கடமை என நாம் கருதுகிறோம்.